காத்திருந்தவர்களின் மாளிகை



பாரீஸ் பட்டணத்துக்குச் செல்லும் நம்மவர்கள் ஈபிள் கோபுரத்தைக் காண்கிறார்கள். லூவர் அருங்காட்சியகத்துக்கு முன்பாக நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். செய்ன் நதியில் படகுப் பயணம் செய்கிறார்கள். இம்மாதம் உங்களை அந்தப் பட்டணத்திலுள்ள ஒரு விடுதிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அதன் பெயர் லுடேசியா. அங்கே ஓர் இரவு தங்குவதற்கு ஆயிரம் யூரோவுக்கும் அதிகமாகவே ஆகும். நம் பணத்தில் அது ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய்.

அவ்வளவு விலையுயர்ந்த இடத்தில் நமக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆனால் அந்த மாளிகையின் சிறந்த அறைகள் ஒரு காலத்தில் ஒரு காசும் கொடுக்க இயலாதவர்களுக்காகத் திறக்கப்பட்டன. அந்தச் சில மாதங்களை அறிந்துகொண்டு அதன் வாசலில் நிற்பதற்கும், அறியாமல் நிற்பதற்கும் வேறுபாடு உண்டு.

எப்படிச் செல்வது?

லுடேசியா விடுதி செய்ன் நதியின் இடது கரையில், ஆறாம் வட்டாரத்தில், ரஸ்பாய் பெருஞ்சாலையில் 45ஆம் எண் கட்டடமாக நிற்கிறது. மெட்ரோவில் செல்வோர் 10ஆம் வழித்தடமும் 12ஆம் வழித்தடமும் சந்திக்கும் நிலையத்தில் இறங்க வேண்டும். அந்த நிலையத்தின் பெயர் செவ்ர்-பாபிலோன். பாபிலோன் என்ற பெயரைப் பாரீஸ் நடுவே கண்டு நீங்கள் வியக்கக்கூடும். பதினேழாம் நூற்றாண்டில் ‘பாபிலோன் ஆயர்’ என்னும் பட்டம் தாங்கிய ஒருவருக்கு இப்பகுதியில் சொத்து இருந்தது. அதனால் ஒரு தெருவுக்கு அப்பெயர் அமைந்தது. தெருவிலிருந்து நிலையத்துக்கும் வந்துவிட்டது.

ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சாப்பல் பகுதியில் உறவினர் வீட்டில் தங்குவோருக்கும் இது எளிய பயணமே. அப்பகுதியை ஒட்டிச் செல்லும் 12ஆம் வழித்தட வண்டியில் ஏறினால், வண்டி மாறாமலே இங்கு வந்து இறங்கலாம்.

படியேறி வெளியே வந்ததும், அலையைப்போல் வளைந்து நெளியும் முகப்பைக் கொண்ட வெண்ணிறக் கட்டடம் ஒன்று கண்ணில் படும். மாடங்களைச் சுற்றிலும் திராட்சைக் கொடிகளும் கனிக்குலைகளும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. அதுவே நாம் தேடி வந்த விடுதி.

ஒரு கடையின் விருந்தினர்களுக்காக

இவ்விடுதி அரசருக்கோ பிரபுவுக்கோ எழுப்பப்பட்ட அரண்மனை அன்று. எதிர்ப்புறத்தில் போன் மார்ஷே என்னும் மாபெரும் அங்காடி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரிஸ்தீத் பூசிக்கோவும் அவர் மனைவி மார்கரெட்டும் வளர்த்தெடுத்த அங்காடி அது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே விலை என்று எழுதி வைப்பது, பிடிக்காத பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்வது போன்ற வழக்கங்களால் அது புகழ்பெற்றது. மார்கரெட் பூசிக்கோ ஏழ்மையில் பிறந்து, சலவைத் தொழிலாளியாக வேலை செய்தவர். 1887இல் அவர் மறைந்தபோது, தம் பெருஞ்செல்வத்தை ஊழியர்களுக்கும் அறப்பணிகளுக்கும் எழுதி வைத்திருந்தார்.

அவருக்குப் பின் அங்காடியை நடத்தியவர்களுக்கு ஒரு தேவை எழுந்தது. தூரத்து மாகாணங்களிலிருந்து பொருள் வாங்க வரும் வசதியுள்ள குடும்பங்கள் தங்குவதற்கு அருகில் நல்ல இடம் இல்லை. ஆகவே அங்காடிக்கு எதிரிலேயே விடுதி கட்டினார்கள். 1910இல் அது திறக்கப்பட்டது. பாரீஸ் பட்டணத்துக்கு ரோமர் காலத்தில் வழங்கிய பழைய பெயரையே அதற்குச் சூட்டினார்கள். எழுத்தாளர்களும் ஓவியர்களும் அங்கே தங்கினார்கள். சார்லஸ் தெ கோல் என்னும் இளம் இராணுவ அதிகாரி 1921இல் திருமணமானவுடன் தம் மனைவியுடன் இங்கே தங்கினார். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மீண்டும் இக்கதையில் வருவார்.

அகதிகள் கூடிய இடம், அதிகாரிகள் பிடித்த இடம்

1933இல் ஹிட்லர் ஜெர்மனியில் ஆட்சியைப் பிடித்தபோது, அவரை எதிர்த்த ஜெர்மானிய எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் நாட்டைவிட்டு ஓடி பாரீஸில் தஞ்சம் புகுந்தார்கள். 1935 முதல் அவர்களில் பலர் இந்த விடுதியில் கூடி, பிரிந்து கிடந்த எதிர்ப்பாளர்களை ஒன்றுசேர்க்க முயன்றார்கள். நாவலாசிரியர் ஹென்ரிக் மான் அதற்குத் தலைமை தாங்கினார். வரலாற்றில் அக்குழுவுக்கு ‘லுடேசியா வட்டம்’ என்றே பெயர்.

ஐந்து ஆண்டுகள்கூட முழுமையாகக் கழியவில்லை. 1940 ஜூன் மாதம் ஜெர்மன் படை பாரீஸுக்குள் நுழைந்தது. லுடேசியாவை அப்வேர் என்னும் ஜெர்மன் இராணுவ உளவுத்துறை எடுத்துக்கொண்டது. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்கள் ஆலோசனை நடத்திய அதே கட்டடத்தில், ஹிட்லரின் அதிகாரிகள் உணவருந்தினார்கள், உளவாளிகளுக்குக் கட்டளையிட்டார்கள்.

விடுதியிலிருந்து ரஸ்பாய் சாலையில் சில நிமிடங்கள் நடந்தால், எதிர்ப்பக்கத்தில் 54ஆம் எண்ணில் இன்று ஓர் ஆய்வு நிறுவனத்தின் நவீனக் கட்டடம் இருப்பதைக் காண்பீர்கள். அந்த இடத்தில்தான் அக்காலத்தில் ஷெர்ஷ்-மிதி என்னும் இராணுவச் சிறை இருந்தது. ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சுக்காரர்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள். 1960களில் அச்சிறை இடிக்கப்பட்டது. ஒரே தெருவில், கூப்பிடு தூரத்தில், ஒருபுறம் பட்டுத் திரைகளும் மறுபுறம் இரும்புக் கம்பிகளும் இருந்தன. 1944 ஆகஸ்டில் பாரீஸ் விடுதலை அடையும்வரை இந்நிலை நீடித்தது.

வரிக்கோட்டு ஆடை அணிந்த விருந்தினர்கள்

1945 வசந்த காலத்தில் நேச நாட்டுப் படைகள் ஜெர்மனிக்குள் முன்னேறி, வதை முகாம்களின் கதவுகளைத் திறந்தன. பூகன்வால்ட், ராவன்ஸ்புரூக், பெர்கன்-பெல்சன், டாகாவ் முதலிய முகாம்களிலிருந்து உயிர் தப்பியோர் தாயகம் திரும்பத் தொடங்கினார்கள். முதலில் அவர்களை ஓர்சே இரயில் நிலையத்தில் வரவேற்றார்கள். இன்று உலகப் புகழ்பெற்ற ஓர்சே ஓவிய அருங்காட்சியகமாக இருப்பது அந்த நிலையமே. போர்க் கைதிகளுக்கும் கட்டாய வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களுக்கும் அந்த ஏற்பாடு போதுமானதாயிருந்தது. முகாம்களிலிருந்து வந்தவர்களின் நிலையோ வேறு. எலும்பும் தோலுமாய், சன்னிக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டு, நிற்கவும் வலுவின்றி வந்தார்கள். அவர்களுக்குப் படுக்கை வேண்டும், சமையற்கூடம் வேண்டும், மருத்துவர் வேண்டும், வெந்நீர் வேண்டும்.

இவை அனைத்தும் ஒரே இடத்தில் இருப்பது பெரிய விடுதியில்தான். அப்போது பிரான்சின் தற்காலிக அரசுக்குத் தலைமை தாங்கிய தெ கோல், தாம் புதுமணத் தம்பதியாகத் தங்கிய லுடேசியாவையே இதற்கென ஒப்படைத்தார். 1945 ஏப்ரல் 26 முதல் ஆகஸ்டு வரை அது வரவேற்பு மையமாயிருந்தது. அந்தச் சில மாதங்களில் 18,000 முதல் 20,000 பேர்வரை அதன் கதவு வழியாக வந்ததாகக் கணக்கிடப்படுகிறது.

அவர்கள் எப்படி வரவேற்கப்பட்டார்கள் என்பதைச் சற்று மனக்கண்ணில் பாருங்கள். இரயில் நிலையத்திலிருந்தும் விமான நிலையத்திலிருந்தும் பேருந்துகள் வந்து நிற்கும். வரிக்கோடுகள் போட்ட முகாம் உடையுடனேயே பலர் இறங்குவார்கள். சாரணச் சிறுவர்களும் செவிலியரும் தாங்கிப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்வார்கள். சன்னிக் காய்ச்சலைப் பரப்பும் பேன்களைக் கொல்ல டி.டி.டி. பொடி தூவப்படும். பின்பு மருத்துவப் பரிசோதனை, அதன்பின் விசாரணை. எதிரிக்குத் துணைபோன சிலர் கைதிகளைப்போல் நடித்து உள்ளே நுழைய முயன்றதால், ஒவ்வொருவரிடமும் எந்த முகாம், யாருடன் இருந்தீர் என்று கேட்க வேண்டியிருந்தது. அடையாள அட்டையும், மாற்றுடையும், கைச்செலவுக்குச் சிறு தொகையும் கொடுத்தார்கள். சமையற்கூடம் இரவும் பகலும் இயங்கியது. நாட்பட்ட பட்டினிக்குப் பின் திடீரென்று வயிறு நிறைய உண்பதே உயிருக்கு ஆபத்தாகும் என்பதால், உணவு கொடுப்பதிலும் மருத்துவர்களின் கவனம் தேவைப்பட்டது.

மெத்தையின் மென்மையில் உறக்கம் வராமல், கம்பளம் விரித்த தரையிலேயே படுத்து உறங்கியவர்கள் உண்டு. பலகைமேல் நெருக்கியடித்துப் படுத்துப் பழகிய உடம்பு அது. வேலை தேடிப் பெரிய நகரத்துக்கு வந்து, முதல் இரவை யாரோ ஒருவரின் ஒற்றை அறையில், தரையில் பாய் விரித்துக் கழித்தவர்கள் நம்மிலும் பலருண்டு. நாம் விரும்பி வந்தவர்கள். நமக்குத் திரும்பிச் செல்ல வீடு இருந்தது. அவர்களில் பலருக்கு வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. நம் பழைய இரவை அவர்களுடைய இரவோடு ஒப்பிட முடியாது. ஆகிலும், அந்நிய இடத்தில் ஒருவர் கதவைத் திறந்து “வாருங்கள்” என்று சொல்வதன் அருமையை நாம் ஓரளவேனும் அறிவோம்.

சாலையோரப் பலகைகள்

விடுதிக்குள் நடந்தது இதில் பாதிதான். மறுபாதி வெளியே, ரஸ்பாய் சாலையின் நடைபாதையில் நடந்தது.

வாசலருகே மரப்பலகைகள் வரிசையாக வைக்கப்பட்டன. அவற்றில் உறவினர்கள் புகைப்படங்களைக் குத்தி வைத்தார்கள்: திருமண நாளின் மணமகன், பள்ளிச் சீருடையில் ஒரு மகள், கைக்குழந்தையுடன் ஒரு தாய். படத்தின் கீழே பெயர், வயது, பிடித்துச் செல்லப்பட்ட நாள், கடைசியாகத் தெரிந்த முகாம் என்று கையால் எழுதப்பட்டிருக்கும். பேருந்து வந்து நின்றவுடன் கூட்டம் சூழ்ந்துகொள்ளும். “இவரைக் கண்டீர்களா? இந்தப் பெயரைக் கேள்விப்பட்டீர்களா?” என்று படத்தை நீட்டுவார்கள். இறங்கியவர்களோ பெரும்பாலும் பதில் சொல்ல இயலாமல் நின்றார்கள். படத்திலிருந்த கொழுத்த கன்னங்களை அவர்கள் முகாமில் கண்டதில்லை. அவர்கள் கண்ட முகங்கள் யாவும் ஒடுங்கிப் போனவை.

சிலருக்குக் காத்திருந்ததன் பலன் கிடைத்தது. பிற்காலத்தில் பிரான்சின் புகழ்பெற்ற பாடகியான ஜூலியட் கிரேக்கோவுக்கு அப்போது 18 வயது. அவருடைய தாயும் அக்காளும் எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டதற்காகப் பிடிபட்டு, ராவன்ஸ்புரூக் முகாமுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். லுடேசியாவில்தான் அவர் அவ்விருவரையும் மீண்டும் கண்டடைந்தார்.

மிகப் பலருக்கோ அது கிட்டவில்லை. பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ 76,000 பேர். அவர்களில் திரும்பி வந்தவர்கள் சில ஆயிரம் பேரே. பலகையிலிருந்த படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்துச் செல்ல உரியவர் வரவேயில்லை.

சபீன் என்னும் பெண்

அந்த மையத்தை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவரைப்பற்றி நீங்கள் அறிய வேண்டும். அவர் பெயர் சபீன் ஸ்லாட்டின். போலந்தில் பிறந்த யூதப் பெண், செவிலியர். அவரும் அவர் கணவர் மிரோனும் 1943இல், லியோன் நகருக்குக் கிழக்கே மலைச்சாரலில் உள்ள இஸியூ என்னும் சிற்றூரில், பெற்றோரைப் பிரிந்த யூதப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்தினார்கள்.

1944 ஏப்ரல் 6ஆம் நாள் காலை, லியோன் நகர கெஸ்டபோ அதிகாரி கிளாவுஸ் பார்பியின் ஆணைப்படி படைவீரர் வந்து, அந்த இல்லத்திலிருந்த 44 பிள்ளைகளையும், அவர்களைப் பராமரித்த 7 பெரியவர்களையும் பிடித்துச் சென்றார்கள். பிள்ளைகளைப் பத்திரமான வேறு இடத்துக்கு மாற்ற உதவி தேடி, சபீன் அன்று வெளியூர் சென்றிருந்தார். அந்த 44 பேரில் ஒரு பிள்ளைகூடத் திரும்பி வரவில்லை. மிரோன் சுட்டுக் கொல்லப்பட்டார். பெரியவர்களில் ஒரு பெண் மட்டுமே உயிர் தப்பினார்.

அந்தப் பிள்ளைகளைப் பறிகொடுத்து ஓராண்டு கழிந்த நிலையில், இந்தச் சபீன்தான் லுடேசியாவில் பிறருடைய பிள்ளைகளுக்குப் படுக்கை ஒதுக்கினார். பிறருடைய கணவர்களுக்கு உணவு ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு பேருந்து வந்து நின்றபோதும் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1987இல் லியோன் நகரில் பார்பி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, முதிர்ந்த வயதில் சாட்சி சொன்னவர்களில் இவரும் ஒருவர். 1996இல் காலமானார். இஸியூ இல்லம் இன்று நினைவிடமாகப் பாதுகாக்கப்படுகிறது.

புதுப்பிக்கப்பட்ட மாளிகை

இப்போது விடுதிக்குள் செல்வோம். 1945 ஆகஸ்டுக்குப் பின் அது பழையபடி தொழிலுக்குத் திரும்பியது. உரிமையாளர்கள் மாறினார்கள், 2010இல் இஸ்ரேலைச் சேர்ந்த அல்ரோவ் நிறுவனம் அதை வாங்கியது. 2014 ஏப்ரலில் கதவுகள் மூடப்பட்டன. கட்டில்கள், விளக்குகள், பாத்திரங்கள் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. கட்டடக் கலைஞர் ஜான்-மிஷேல் வில்மோத்தின் மேற்பார்வையில் நான்கு ஆண்டுகள் பணி நடந்தது. ஏறத்தாழ 20 கோடி யூரோ செலவானது. 2018 ஜூலையில் விடுதி மீண்டும் திறக்கப்பட்டது. 2025 முதல் மாண்டரின் ஓரியண்டல் நிறுவனம் அதன் நிர்வாகத்தைக் கவனிக்கிறது.

முன்பு 233 அறைகள் இருந்தன. அவற்றை விசாலமாக்கி 184 ஆகக் குறைத்தார்கள். கட்டடத்தின் நடுவே மூடிக் கிடந்த இடத்தைத் திறந்து, வானம் தெரியும் முற்றம் அமைத்தார்கள். நிலத்தடியில் 17 மீட்டர் நீளமுள்ள நீச்சல் குளம் உண்டு. குளியலறைகளில் சலவைக்கல் பளபளக்கிறது. மேல்தளத்திலுள்ள சில அறைகளிலிருந்து ஈபிள் கோபுரம் தெரியும்.

பணியாளர்கள் ஒரு கூடத்தில் சுவர்ப் பூச்சைச் சுரண்டியபோது, பல அடுக்கு வண்ணங்களுக்குக் கீழே 1910ஆம் ஆண்டின் ஓவியங்கள் மறைந்திருந்தது தெரியவந்தது. அவற்றை மீட்க 17,000 மணிநேர உழைப்பு தேவைப்பட்டது. சிறு கத்தியும் தூரிகையும் கொண்டு, விரற்கடை விரற்கடையாகச் சுத்தம் செய்தார்கள். இன்று விருந்தினர்கள் தலைநிமிர்ந்து அந்த ஓவியங்களை வியக்கிறார்கள்.

இதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வாசகரே, ஒன்றைக் கவனியுங்கள். 1910இன் வண்ணம் சுவரில் ஒட்டியிருந்தது. ஆகவே சுரண்டி மீட்க முடிந்தது. 1945இல் வந்தவர்கள் சுவரில் எதையும் விட்டுச் செல்லவில்லை. பொடி துடைக்கப்பட்டது; விரிப்புகள் வெளுக்கப்பட்டன; பலகைகள் அகற்றப்பட்டன. எத்தனை கோடி செலவிட்டாலும், எந்தத் தூரிகையாலும் அதை மீட்டெடுக்க இயலாது. அதைச் சொல்லி வைத்தால் மட்டுமே அது நிலைத்திருக்கும்.

அதற்காகவே 1985இல் ரஸ்பாய் சாலைப் பக்கத்து முகப்பில் ஒரு நினைவுக்கல் பதிக்கப்பட்டது. விடுதலையும் உறவினரும் மீண்டும் கிடைத்தவர்களின் மகிழ்ச்சியை அது முதலில் கூறுகிறது. அந்த மகிழ்ச்சியாலும், இங்கே வீணாய்க் காத்திருந்த குடும்பங்களின் வேதனையைத் துடைத்துவிட முடியாது என்று தொடர்கிறது. வந்தவர்களோடு வராதவர்களையும் நினைவில் வைத்த கல் அது.

நீங்கள் செல்லும்போது

அந்தக் கல்லைக் காண்பதற்குக் கட்டணமில்லை. அது தெருவைப் பார்த்தே இருக்கிறது. வசதி இருந்தால் உள்ளே சென்று ஒரு கோப்பைத் தேநீர் அருந்தலாம். நம் ஊர் உணவகக் கணக்கில் பார்த்தால் விலை திகைக்க வைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விடுதியில் இரவு தங்கும் வாய்ப்பு உங்களுக்கோ, வெளிநாட்டில் நல்ல பணியிலிருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கோ கிடைத்தால், பெட்டியைப் பணியாளரிடம் கொடுப்பதற்கு முன்பு அந்தக் கல்லை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். அதன்பின் அறைக்குள் சென்று அந்த மெத்தையில் படுக்கும்போது, தரையில் படுத்தவர்களை நினைவுகூராமல் இருக்க முடியாது.

மறுநாள் நேரமிருந்தால், நதியைக் கடந்து மரே பகுதியிலுள்ள ஷோவா நினைவகத்துக்குச் செல்லுங்கள். அனுமதி இலவசம். 2005இல் அங்கே எழுப்பப்பட்ட சுவர்களில், பிரான்சிலிருந்து கொண்டு செல்லப்பட்ட யூதர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ரஸ்பாய் சாலையின் பலகைகளில் எவரும் வந்து எடுத்துச் செல்லாத படங்களுக்கு உரியவர்களின் பெயர்களை அங்கே காணலாம்.

பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஈபிள் கோபுரத்தின் உயரத்தை அவர்கள் பள்ளிப் புத்தகத்தில் படித்துக்கொள்வார்கள். ஒரு பட்டணம் தன் மிகச் சிறந்த விடுதியை, மிகவும் நொந்துபோனவர்களுக்காகத் திறந்து வைத்தது என்ற செய்தியை நாம்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு நாள், களைத்த முகத்துடன் யாரேனும் நம் வீட்டுக் கதவைத் தட்டும்போது, எந்த அறையைக் கொடுப்பது என்று அந்தப் பிள்ளைகள் அறிந்திருப்பார்கள்.